சொந்தக் காரில் ஊட்டி, முதுமலை, மைசூரு: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி மலையேறி, முதுமலை, பந்திப்பூர் காடுகளைக் கடந்து மைசூரு வரை குடும்பத்தோடு காரில் போய்வருவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

திருச்சி வாசகி: நாங்கள் ஆறு பேர். மாமனார், மாமியாருக்கு எழுபது வயது. பிள்ளைகளுக்கு நான்கு, ஒன்பது. ஏழு பேர் அமரும் வண்டி இருக்கிறது. நான்கு நாளில் ஊட்டி, முதுமலை, பந்திப்பூர், மைசூரு நான்கையும் பார்த்துவிட முடியுமா? எந்த நாளில் கிளம்பலாம்?

முடியும். ஆனால் பந்திப்பூரில் தனியாக ஒரு சஃபாரி வேண்டாம். முதுமலையும் பந்திப்பூரும் பெயரில்தான் இரண்டு. நடுவே மோயாறு ஓடுகிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் மேயும் யானைதான் அந்தப் பக்கமும் போகிறது. ஒரே காட்டை இரண்டு முறை சுற்ற நான்கு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பெரியவர்களுக்கும் பொறுமை இருக்காது.

கிளம்ப வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. காரணம் மைசூருவில் இருக்கிறது. அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் நீண்ட நேரம் எரிவது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும்தான். இரவு 7 மணியிலிருந்து சுமார் முக்கால் மணி நேரம். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. வெள்ளியன்று கிளம்பினால் மூன்றாம் நாள் ஞாயிறு மாலை அரண்மனை, நான்காம் நாள் திங்கள் காலை மிருகக்காட்சி சாலை என்று இரண்டும் கூடிவரும். சனிக்கிழமை கிளம்பினால் இரண்டுமே கைநழுவும்.

இந்தப் பாதையில் கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். சோதனைச் சாவடியும் சஃபாரியும் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

வெள்ளி: காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். கரூர், காங்கேயம் வழியாக அவிநாசி வந்து, அங்கிருந்து அன்னூர் வழியே மேட்டுப்பாளையம் போய்விடுங்கள். கோவை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் டீசல், காற்று, கழிப்பறை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கோத்தகிரி வழியாக ஏறுங்கள். குன்னூர் வழியைவிட நெரிசல் குறைவு. மே மாத சீசனில் மட்டும் பெரும்பாலும் ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். அப்போது போலீசார் காட்டும் வழிதான். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு ஊட்டி சேரலாம். அன்று தாவரவியல் பூங்கா ஒன்று போதும். 2,200 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறீர்கள், பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும்.

சனி: எட்டரைக்குள் ஊட்டியை விட்டுக் கிளம்புங்கள். பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு. சுமார் 67 கி.மீ. என்றாலும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்; பைக்காராவில் இறங்கினால் இன்னும் ஒரு மணி. கூடலூரில் சாப்பாடு. பிற்பகல் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் சஃபாரி, சுமார் ஒரு மணி நேரம். பிறகு ஐந்தரை மணியை ஒட்டி யானைகள் முகாமில் உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். ராகிக் களி உருண்டையைப் பாகன் யானையின் வாயில் வைப்பதை உங்கள் சின்னப் பிள்ளை புலியைவிட அதிகமாக ரசிக்கும். இரவு மசினகுடியில் தங்கல்.

ஞாயிறு: முந்தைய நாள் சஃபாரி கிடைக்காமல் போயிருந்தால் காலையில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பொழுது கையில் இருக்கட்டும் என்றுதான் அங்கே தங்கச் சொல்கிறோம். பத்து, பத்தரைக்குக் கிளம்பி, மாநில எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடி தாண்டி பந்திப்பூர் காட்டுச் சாலை, குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு, மைசூரு. சுமார் 95 கி.மீ. அரண்மனை மாலை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். மூன்று மணிக்கு உள்ளே போனால் நிதானமாகப் பார்க்கலாம். உள்ளே செருப்பு கூடாது, பெரியவர்களுக்குக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து காபி குடித்துவிட்டு விளக்கு எரியும் வரை வளாகத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

திங்கள்: மிருகக்காட்சி சாலை திறந்ததும் எட்டரைக்கு உள்ளே போய்ப் பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். திரும்பும் வழி சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தியமங்கலம், ஈரோடு, கரூர். 350 கி.மீ. அளவில் வரும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாமே உங்களுக்கு இறக்கம். அதை வெளிச்சத்தில் இறங்கிவிட வேண்டும். மைசூருவை விட்டு மதியம் பன்னிரண்டைத் தாண்டி நகர்ந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் இன்னோர் இரவு மைசூருவிலேயே தங்கிவிடுங்கள்.

சென்னை வாசகர்: முதுமலைக்கு மட்டும்தான் போகிறோம், ஊட்டிக்குப் போகவில்லை. மைசூரு பக்கமிருந்து வருகிறோம். எங்களுக்கும் இ-பாஸ் தேவையா?

தேவை. முதுமலை நீலகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கக்கநல்லாவைத் தாண்டும்போதே நீங்கள் மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். பலர் தடுமாறும் இடம் இது.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. விண்ணப்பிக்க அரசின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வாகன எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள், தங்குமிடம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. கோடை, தீபாவளி, பொங்கல் விடுமுறை என்றால் அறை முன்பதிவு செய்யும் அன்றே பாஸையும் எடுத்துவிடுங்கள். எடுத்ததைக் கைபேசியில் படமாகவும் சேமியுங்கள். சாவடிக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். டி.என்.43 பதிவெண் வண்டிகளுக்கு இது தேவையில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று. நீலகிரிக்குள் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது. சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஒரு பெரிய கேனும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துப் போங்கள். பசுமை வரிக்கும் சாவடிக் கட்டணங்களுக்கும் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

மதுரை வாசகர்: ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியே போனால் பாதி தூரம்தான் என்று கைபேசி வரைபடம் காட்டுகிறது. போகலாமா?

இறங்கக் கூடாது. வெளி மாவட்ட, வெளி மாநில வண்டிகளைக் கல்லட்டி வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. வரைபடத்துக்கு அது தெரியாது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மிகச் செங்குத்தான இறக்கம். மலைச்சாலைக்குப் பழகாதவர்கள் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த விபத்துகள் அடுத்தடுத்து நடந்ததால் வந்த தடை. கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுவதற்கு அந்தத் தடை இல்லை. எனவே கல்லட்டியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் மைசூரு, பிறகு முதுமலை, கடைசியில் ஊட்டி. பெங்களூரு வழியாக வரும் சென்னைக்காரர்களுக்கு இதுவே இயல்பான வரிசை. ஆனால் ஏழு பேரும் மேலே சாமான்களும் ஏற்றிய சிறிய பெட்ரோல் வண்டியில் அந்த ஏற்றத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வளைவில் முன்னால் போகிற வண்டி நின்றுவிட்டால் முதல் கியரில் மறுபடி கிளப்பும்போது கிளட்ச் கருகும். கிளம்பும் முன் மசினகுடிச் சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: போன முறை குன்னூரிலிருந்து இறங்கும்போது சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. பிரேக் மிதி கொஞ்சம் உள்ளே போனது. ஆட்டோமேட்டிக் வண்டி. என்ன கோளாறு?

வண்டியில் கோளாறு இல்லாமலும் இது நடக்கும். ஓட்டும் முறைதான் காரணம். ‘டி’யில் போட்டுவிட்டு இறக்கம் முழுவதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வந்திருப்பீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி வேகம் கூடக்கூட மேல் கியருக்குப் போகும். என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக் கட்டைகள் மேல் விழும். தகடும் கட்டையும் அளவுக்கு மீறிச் சூடேறினால் உராய்வு குறைந்துவிடும். அந்த நிலையில்தான் தீய்ந்த வாடை வரும். மிதி உள்ளே போனது அதைவிட மோசமான அடையாளம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக் கட்டையின் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். கிளம்பும் அன்று காலை செய்தால் போதும் என்று தள்ளிப்போடாதீர்கள். வேலை சரியாக அமைந்ததா என்று தெரிய நாலு நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் விதி எளியது: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கையால் கியர் போடும் வண்டியில் இரண்டு, செங்குத்தான வளைவில் ஒன்று. ஆட்டோமேட்டிக்கில் ‘எல்’ அல்லது ‘2’; அது இல்லாவிட்டால் ‘எம்’மில் தள்ளி இரண்டாம் கியரில் நிறுத்துங்கள். என்ஜின் இரைச்சல் கூடும், பயப்பட வேண்டாம். என்ஜின் சுழற்சி காட்டும் மானி சிவப்புக் கோட்டைத் தொடாதவரை கெடுதல் இல்லை. கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், உறுதியாக ஓர் அழுத்து, வேகம் குறைந்ததும் முழுக்க விடு, கட்டை ஆறட்டும். நியூட்ரலில் உருட்டுவதும் சாவியை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது: என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஸ்டீயரிங் உதவியும் போய்விடும்.

மின்சாரக் காரில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தைச் சேமிக்க அதில் இடம் இருக்காது. மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் குறைந்துவிடும். ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். எண்பதில் நிறுத்துங்கள், மேட்டுப்பாளையம் வரும்போது அது கூடியிருக்கும்.

வாடை வந்துவிட்டால்? சமதளமான அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் (ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில்) போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யலாம். ஆறிய பிறகு மிதி முன்போல் கெட்டியாக நின்றால் மெதுவாக நகரலாம். நிற்காவிட்டால் இழுவை வண்டிதான்.

குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு முதல் வழி. இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும்.

கரூர் வாசகி: பந்திப்பூர் சாலையில் யானை குறுக்கே வந்தால் என்ன செய்வது? பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது.

பயப்படாமல் போகலாம், சில விஷயங்களில் கண்டிப்பாக இருந்தால்.

முதலில் நேரம். கூடலூர் – குண்டல்பேட்டை சாலையிலும், வயநாட்டுக்குப் போகும் சாலையிலும் பந்திப்பூர் காட்டுப் பகுதி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2009-இல் தொடங்கிய தடை. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைக் காப்பாற்றத்தான். திம்பம் பாதையிலும் இரவுத் தடை உண்டு. எட்டரைக்குச் சாவடியைப் பிடித்துவிடலாம் என்று விரட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் மானை அடிக்கிறார்கள். ஐந்து மணிக்குள் காட்டைக் கடந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

காட்டுக்குள் நுழையும் முன் எல்லாரும் கழிப்பறை போய்விடுங்கள், எரிபொருளைக் கூடலூரிலேயே நிரப்பிவிடுங்கள். உள்ளே நிறுத்தவே கூடாது. படம் எடுக்க, பிள்ளைக்குச் சோறு ஊட்ட, குரங்குக்குப் பழம் போட, எதற்கும். இறங்கினால் அபராதம். வாழைத்தாரையோ கரும்பையோ வண்டியின் மேல்பகுதியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் சாவடியில் கரும்பு லாரிக்காகவே யானைகள் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. மனிதர்கள் சாலையில் வீசிய உணவு பழக்கிய பழக்கம் அது.

யானை நின்றால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றுங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம். பின்னால் நெருக்கி நிற்கும் வண்டிக்கு அபாய விளக்கு போதும். என்ஜினை உறுமவிடாமல் ஓடவிட்டு, பின்வாங்கும் கியருக்கு மாறத் தயாராக இருங்கள். காதுகளை விரித்து, வாலைத் தூக்கி, தலையை ஆட்டினால் அது போகச் சொல்கிறது; வேகப்படாமல் நேராகப் பின்னுக்கு வாருங்கள். கூட்டத்தில் குட்டி இருந்தால் கடைசி யானை சாலையைத் தாண்டிய பிறகும் இரண்டு நிமிடம் காத்திருங்கள். பின்தங்கிய ஒன்று புதரிலிருந்து வரும். இரண்டு யானைகளுக்கு நடுவே வண்டியை நுழைக்கவே கூடாது.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: யானையைப் பார்த்தால் கத்தாமல் அம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும். வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கினால் அந்த நேரத்தில் அப்படியே செய்வார்கள்.

சேலம் வாசகர்: மசினகுடியில் இரவு சஃபாரி அழைத்துப் போவதாகத் தனியார் ஜீப் ஓட்டுநர்கள் சொல்கிறார்களாமே?

போகாதீர்கள், அது சட்டவிரோதம். பிடிபட்டால் உங்களுக்கும் வழக்கு. பகலில் அவர்கள் கூட்டிப்போவதும் பொதுச் சாலையில்தான். காப்பகத்துக்குள் போக அனுமதி வனத்துறை வண்டிக்கு மட்டுமே.

தஞ்சாவூர் வாசகி: விலங்குகள் நன்றாகத் தெரிய எந்த மாதம் நல்லது? பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் எங்களால் வர முடியும்.

தண்ணீர் குறையும் பிப்ரவரி முதல் மே வரை விலங்குகள் குட்டைகளைத் தேடி வரும், புல் காய்ந்திருப்பதால் பார்வைக்கும் தடை குறைவு. ஆனால் அதே மாதங்கள்தான் காட்டுத்தீக் காலம். தீ அபாயம் கூடினால் சஃபாரியை முன்னறிவிப்பு அதிகமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் தினம் தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் வருவதென்றால், முதல் இரண்டு மழை பெய்து தீப் பயம் தணிந்த மே கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுப்போம். ஊட்டிக் கூட்டமும் அப்போது சற்றே குறையத் தொடங்கும். ஜூன் முதல் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கடுமை, நடுவட்டம் சாலையில் மண் சரிவு வரும். காலாண்டு விடுமுறையில் காடு பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும், ஆனால் எங்கும் தண்ணீர் கிடப்பதால் விலங்குகள் சிதறியிருக்கும்.

உண்ணிச்செடி என்னும் அந்நியப் புதர் காட்டின் தரையில் பெரும் பரப்பை அடைத்துவிட்டதும் விலங்குகள் கண்ணில் படாததற்கு ஒரு காரணம். பத்தடி தூரத்தில் கடமான் நின்றாலும் தெரியாது. மானுக்கும் காட்டெருமைக்கும் வேண்டிய புல்லை அது வளரவிடுவதில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய வருத்தம். புலியைக் காட்டுகிறோம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். புள்ளிமான், மயில், சாம்பல் மந்தி, அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

நாமக்கல் வாசகி: வளைவில் ஏறினாலே மகளுக்கு வாந்தி வருகிறது. வயது ஆறு.

ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் பாலும் கூடாது. நடு வரிசையில், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி, அவள் உயரத்துக்கேற்ற இருக்கையில் பட்டை போட்டு உட்கார வையுங்கள். கடைசி வரிசை வேண்டாம், அங்கேதான் ஆட்டம் அதிகம். கைபேசியும் படப்புத்தகமும் மலை முடியும் வரை உள்ளே இருக்கட்டும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிடுங்கள். வண்டியில் வாசனைத் திரவக் குப்பி தொங்கினால் கழற்றிவிடுங்கள், பாதி வாந்திக்கு அதுவே காரணம். மாத்திரை தேவையென்றால் எடைக்கேற்ற அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, மலை அடிவாரத்துக்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். ஓட்டுநர் எந்த வேகத்தில் வளைவுக்குள் நுழைகிறார் என்பதையும் பாருங்கள். வளைவுக்குள் வந்த பிறகு பிரேக் போட்டுத் திருப்பினால் பின்னால் இருப்பவர்களின் வயிறு புரளும்.

புதுக்கோட்டை வாசகர்: வாடகைக்கு மஞ்சள் பலகை வண்டி எடுத்தால் கர்நாடகத்துக்குத் தனி வரி உண்டா? சொந்த வண்டி என் தம்பி பெயரில் இருக்கிறது.

மஞ்சள் பலகை வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேட்டு, அந்தத் தாளைப் படமெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லையில் கட்ட வேண்டிய வரி யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். சாவடியில் நின்று பேசினால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். தம்பி பெயரிலுள்ள வெள்ளைப் பலகை வண்டியைச் சில நாள் ஓட்டிப்போகத் தடையில்லை. பதிவுச் சான்று, நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, உங்கள் ஓட்டுநர் உரிமம் நான்கும் இருந்தால் போதும். காப்பீடும் புகைச் சான்றும் திரும்பி வரும் நாள் வரை செல்லுமா என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.